தங்கபுஷ்பம் தந்த கொசுறு

காலை ஆறேகாலுக்கெல்லாம் பதினேழாம் வார்டு குடிநீர் நிலையத்தில் நாற்பது பேர் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் அருஞ்சுனை. தூத்துக்குடிக்குள் கடல் இரண்டு தெரு தூரம் ஏறி வந்து கிணறுகளெல்லாம் உப்பானபோதே, காற்றிலிருந்து ஈரம் பிழிந்து தண்ணீராக்கும் இயந்திரத்தை வாங்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டவர். அதையும் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் வாங்கினார். இருந்தும் மூன்று வருடமாக ஒரு எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார். இடுப்பில் வைக்கத் தெரியாது. கைக்குழந்தையைத் தூக்கும் புது அப்பனைப்போல மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டு மெஷின் இன்னும் ரிப்பேரா?" முன்னால் நின்ற செல்லக்கனி திரும்பிக் கேட்டாள். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். கேள்வி மூன்று வருடமாக மாறவில்லை.

"ரிப்பேர்காரன் கூடக் கேக்கான் தாயி. பேசிக்கிட்டு இருக்கேன்."

"மூணு வருசமாவா பேசுதிய?"

"படிஞ்சு வரணும்ல."

வரிசை சிரித்தது. அருஞ்சுனையும் சிரித்தார். அவர் முறை வந்தது. குழாய்க்கடியில் குடத்தை வைத்தார். நீல விளக்கு எரிந்தது. துளைபோட்ட தகட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"குடத்தை நேரா வைங்க."

அது அவருடைய மனைவி தங்கபுஷ்பத்தின் குரல். மூன்று வருடத்துக்கு முன் பங்குனியில், இரண்டே நாள் காய்ச்சலில் இறந்துபோனவள்.

அவர் குடத்தை நேராக வைத்தார். தண்ணீர் விழுந்தது. "பத்து லிட்டர் ஆச்சு" என்றது குரல். சொல்லி முடித்த பிறகும் குழாய் உடனே நிற்கவில்லை. ஒரு கை அள்ளும் அளவு தண்ணீர் கூடுதலாக விழுந்தது. பிறகுதான் நின்றது.

"அடுத்த ஆள் வாங்க."

அருஞ்சுனை குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அன்றைய நாள் அவருக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சமிருந்த பதினாறு மணி நேரம் வெறும் வியாபாரம்.

இறந்தவர்கள் பேசுவது இந்த ஊரில் புதிதில்லை. பதினெட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடா வருடம் ஜனவரி மாதம் முகாமுக்குப் போய் உள்ளச்சைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்ப்பார்கள், இருபது நிமிடம், முடிந்தது. மனிதன் செத்தபிறகு அரசின் பங்கு முகமை அவன் ஆயுள் முழுக்கச் செலுத்திய வரியையும், செலுத்தியிருக்க வேண்டிய நியாயப் பங்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தால், அந்தக் குறைக்கு ஈடாக உள்ளச்சு பொது வேலைக்குப் போகும். சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் 'மீதி' என்றார்கள். "அவர் மீதியாகி பாளை ரோட்டுல நிக்காரு" என்பார்கள், ஏதோ ஆள் வேலை மாற்றலாகிப் போனதுபோல.

நினைவு கிடையாது, வலி கிடையாது, குரலும் பழக்கமும் மட்டுமே நகலாகும் என்று முகமை தெருவுக்குத் தெரு எழுதி வைத்திருந்தது. ஒரு மீதிக்கு நாற்பத்திரண்டு வாக்கியங்கள் அனுமதி. அதற்கு மேல் ஒரு சொல் பேசாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுவார்கள்; அவர்கள் செத்தால் செத்ததுதான். ஏழைகளும் தீப்பெட்டியிலிருந்து கோடித்துணி வரைக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள். முகமை அதையும் சேர்த்துக்கொண்டது. அவர்களும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆகையால் ஊரில் எந்தப் பொது இயந்திரம் வாய் திறந்தாலும் அது ஒரு வியாபாரியாகவோ, டாக்டராகவோ, வக்கீலாகவோதான் இருக்கும். பாளை ரோட்டு சிக்னலில் ஜவுளிக்கடை தெய்வநாயகம் நிற்கிறார். உயிரோடிருந்தபோது கடைக்குள் நுழைந்த ஆளை வெறுங்கையோடு விட்டதில்லை. இப்போதும் சிவப்பு விளக்கில் வண்டிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இருங்க, இருங்க, இதோ வந்துருச்சு" என்று பச்சையைக் கடைசி வரை காட்டாமல் இழுப்பார். அருஞ்சுனை அவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கி ஒன்று உண்டு. அந்த சிக்னலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தங்கபுஷ்பம் இறந்த பத்தாம் நாள் வந்த அறிவிப்பில், அவளுடைய மீதி இரண்டு வருடம் ஏழு மாதம் என்று இருந்தது. வீடும் நகையும் அவள் பெயரில் இருந்ததால் வந்தது. போன ஐப்பசியோடு அது முடிந்திருக்க வேண்டும். கடைசி நாளன்று அருஞ்சுனை வெள்ளை வேட்டி கட்டி, குடத்தைப் புளிபோட்டு விளக்கி எடுத்துக்கொண்டு போய் நின்றார். மறுநாள் வீட்டில் இருப்பு கொள்ளாமல் சும்மா எட்டிப் பார்க்கப் போனார். "குடத்தை நேரா வைங்க" என்று யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏதோ குளறுபடி என்று அவருக்குப் புரிந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். கடைக்காரன் மறதியில் பாக்கிச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், வாங்கிய வியாபாரி என்ன செய்வானோ அதைச் செய்தார். பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆறு மாதமாக, தினமும் காலையில்.

சித்திரை முடியும் நேரத்தில், சென்னையிலிருந்து ஒருவன் அருஞ்சுனையின் மண்டிக்கு வந்தான். ஆதிரையன் என்று பெயர் சொன்னான். முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுங்கடல் மின்திறன் நிறுவனத்தின் ஆள். கடலுக்குள் காற்றாலை வைத்து, பாதி மாநிலத்துக்கு மின்சாரம் விற்கும் நிறுவனம்.

அருஞ்சுனையின் தொழில் பழைய மின்கலன். ஓடி ஓய்ந்த வண்டிகளிலிருந்து எடைக்கு வாங்கி, உயிர் மிச்சமுள்ளதைப் பிரித்து, வள்ளக்காரர்களுக்கும் தெருவிளக்கு ஒப்பந்தக்காரர்களுக்கும் விற்பார். வாசலில் பலகை: 'தங்கபுஷ்பம் அண்ட் கோ'.

"நேரா விஷயத்துக்கு வர்றேன் சார். உங்க கம்பெனிய வாங்கிக்கிறோம்."

"சரக்கு நாலு டன்தான் கிடக்கு. அதுலயும் பாதி செத்தது."

"சரக்கு உங்களுக்கே. கிடங்கும் உங்களுக்கே. எங்களுக்குக் கம்பெனி மட்டும் போதும்."

சரக்கைப் பார்க்காமல் விலை பேச வருகிறவன் ஒன்று முட்டாளாக இருப்பான், அல்லது நம்மை முட்டாளாக்க வந்திருப்பான். அருஞ்சுனை அவனுக்கு டீ சொன்னார். தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. "என்ன கொடுப்பிய?"

அவன் சொன்ன தொகைக்கு அந்தத் தெருவை இரண்டு முறை வாங்கலாம். அருஞ்சுனை முகத்தில் எதையும் காட்டாமல், "கொஞ்சம் முன்னபின்ன பாருங்க" என்றார். அது வாய்ப் பழக்கம். அவன் தயங்காமல் பாதி கூட்டினான். அருஞ்சுனை கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"இதுல என்ன இருக்குன்னு இவ்வளவு கொடுக்கிய?"

"உங்க மெய்ப்பொறுப்பாளர் இறந்துட்டாங்க சார். அதான் வேல்யூ."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஊரெல்லாம் ஒரு கூச்சல் எழுந்தது. மனிதன் செத்தால் மீதி செலுத்துகிறான், கம்பெனிக்குச் சாவே கிடையாது, அது எப்போது செலுத்தும் என்று. அரசு உடனே சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொரு கம்பெனியும் உடம்புள்ள ஓர் ஆளையாவது மெய்ப்பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். அவர் சாகும்போது கம்பெனியின் குறையும் அவர் மீதியில் சேரும். ஜனங்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ஆடிட்டர் ஒரு படிவத்தை நீட்டி யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டார். அருஞ்சுனை மின்கலன் எடை பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பேரையே போடும்வே. கம்பெனியே அவ பேர்லதான இருக்கு" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவளுக்கு ரெண்டு வருசம் ஏழு மாசம்தான்னு நோட்டீஸ் வந்துச்சே."

"அது அவங்க சொந்த மீதி சார். கம்பெனி மீதி தனி. அது ஏறிக்கிட்டே இருக்கும். நீங்க வருஷா வருஷம் இங்க குறைச்சுக் காட்டக் காட்ட, அங்க ஏறும்." ஆதிரையன் கையகலத் திரையைத் தட்டிப் பார்த்தான். "இன்னைக்குத் தேதிக்கு மேடம் பேர்ல மொத்தம் நாற்பத்தோரு வருஷம் நாலு மாசம்."

வெளியே எடைமேடையில் யாரோ மின்கலப் பெட்டியைத் தொப்பென்று போட்டார்கள்.

"உயிரோட இருக்கிற ஆள் மேல இவ்வளவுதான் ஏத்தலாம்னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க சார். செத்து, வேலைக்கு வந்துட்ட ஆளுக்கு அந்த வரம்பை எழுத மறந்துட்டாங்க. நாங்க உங்க கம்பெனிய இணைச்சுக்கிட்டா, எங்க பழைய குறை மொத்தத்தையும் மேடம் பேர்ல ஏத்திடலாம். பக்கா லீகல்."

"எவ்வளவு ஏத்துவிய?"

"எங்களுக்கு எண்பது வருஷத்துக் குறை இருக்கு சார். அதுக்கு மீதி பதினாலாயிரம் வருஷம் வரும்." அவன் டீயை ஊதிக் குடித்தான். "அவங்களுக்குத் தெரியவா போகுது? காப்பிதானே. இந்த ஊர்ல பொம்பளை வாய்ஸ்தான் ஜாஸ்தி, கவனிச்சிருப்பீங்க. எல்லாம் உங்கள மாதிரி கம்பெனிங்கதான். நாங்க நாலஞ்சு பேர்கிட்ட பேசிக்கிட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் எடுத்துக்கங்க."

அன்று மத்தியானம் அருஞ்சுனை வண்டியை மண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

பெண் குரல்கள் அதிகம் என்பது அவருக்கும் தெரியும். ஜனங்கள் கேட்க இதமாக இருக்குமென்று முகமை பொறுக்கி வைக்கிறது என்று நினைத்திருந்தார். தலைக்கு மேலே பலகைகள் வரிசையாக வந்தன. பேச்சிக்கனி டிரேடர்ஸ். ஜெயக்கொடி ஏஜென்சீஸ். சுயம்புக்கனி ஆயில் ஸ்டோர். பெண்டாட்டி பெயரில் கம்பெனி போட்டால் ராசி என்பார்கள். ராசியை விட, பெண் பெயருக்குக் கிடைத்த இரண்டு சதவீதச் சலுகை பெரிது. பஸ் நிறுத்தத்தில் ஒரு குரல், "படியில நிக்காதீக" என்றது. ஜெயக்கொடி அப்படித்தான் 'நிக்காதீக' என்று இழுப்பாள். சம்பந்தி வழியில் சொந்தம். ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு குரல் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கடை சுயம்புக்கனி சீட்டுப் பிடித்தபோது பெயர்களைக் கூப்பிடும் அதே ராகம். அவளுக்கு எத்தனை வருடமோ. அவள் புருஷன் எதிரே கடையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். அருஞ்சுனையைப் பார்த்துக் கை தூக்கினான். அருஞ்சுனை கையைத் தூக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் பெயர் எழுதித் தொங்கின.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், கம்பெனி தொடங்கிய முதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது, தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "எதுக்குங்க இது?" என்றாள். லாபத்துக்குத்தான், போடு என்றார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். "எனக்கு என்ன கொசுறு?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பங்கு முகமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். பங்கு அலுவலர் ஜெனோவா மச்சாது, ஐம்பது வயதுக்காரி. வியாபாரிகளைப் பார்த்துப் பார்த்து எதற்கும் ஆச்சரியப்படாத முகம். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நாற்பத்தோரு வருசத்துல முப்பத்தேழு உங்க கம்பெனிது அண்ணாச்சி. உயிர் உள்ள மின்கலத்தையெல்லாம் செத்ததுன்னு எழுதிருக்கிய. செத்ததுக்கு வரி கம்மி. போன தீபாவளிக்கு மட்டும் இருபது டன். அதுக்கே பத்தொம்பது மாசம் ஏறிருக்கு."

இருபது டன். அந்தத் தீபாவளிக்கு ஆடிட்டரோடு கை குலுக்கி, ஒரு கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"முப்பத்தேழுன்னா, மிச்சம் நாலு வருசம் யாரு போட்டது?"

"அது உங்க வீட்டம்மாவே ஏத்துனது."

"அவளா? அவ என்ன வியாபாரமா செய்யுதா?"

"பத்து லிட்டர் ஊத்தச் சொன்னா, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை கூடவே ஊத்துதாங்க. மூணு வருசமா. குழாய மூணு தடவ மாத்திட்டோம். குழாய்ல ஒண்ணுமில்ல. அந்த அம்மா பழக்கம் அப்படி. நகல்ல பழக்கம் வரும்ல? அரசாங்கத் தண்ணிய வீணாக்குனதா அவங்க பேர்லயே ஏறிடும்."

சனிக்கிழமைகளில் தங்கபுஷ்பம் மண்டியில் உட்காருவாள். வள்ளக்காரன் பத்து மின்கலம் வாங்கினால், பதினொன்றாவதை எடுத்து அவன் கூடையில் போடுவாள். 'என் வாயில மண்ணப் போடுதியே' என்று அவர் கத்துவார். 'போங்க, அவன் கடலுக்குப் போறவன்' என்பாள். தனக்கு மட்டும்தான் அந்த ஒரு கைத் தண்ணீரை விடுகிறாள் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தார். அதற்காகத்தான் குடத்தோடு வந்தார்.

"கட்டிருதேன்மா. எவ்வளவுன்னு சொல்லு. வட்டியோட."

"இனிமே ஒழுங்காக் கட்டுனா இனிமே ஏறாது. ஏறினதுக்குப் பணம் வாங்க மாட்டோம். வாங்கினா எல்லாவனும் செத்தபிறகு மகனை விட்டுக் கட்டச் சொல்லுவான்." ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். "ஒரு வழி இருக்கு. உயிரோட இருக்கிற ஆள் யாராவது மெய்ப்பொறுப்பாளரா வந்து, மொத்தத்தையும் தன் பேர்ல ஏத்திக்கிடலாம். உங்க நாற்பத்தொண்ணு வரம்புக்குள்ளதான் வரும். அது அமலுக்கு வர்ற அன்னைக்கே அவங்களுக்கு விடுதலை."

"விடுதலைன்னா?"

"அழிச்சிருவோம்."

"குரல மட்டும் ஒரு பதிவா..."

"கிடையாது அண்ணாச்சி. விதி."

நாற்பது வருடம் பேரம் பேசிய நாக்கு. அது தானாகவே புரண்டது. "சரி, ஒண்ணு செய்வோம். பாதி என் பேர்ல போடு. பாதி அவ பேர்ல கிடக்கட்டும். அது ஜாஸ்தின்னா ஒரு பத்து வருசம். அஞ்சு. எனக்கு அறுபத்து மூணு ஆகுது, நான் இருக்கப்போறதே அவ்வளவுதான். அஞ்சு வருசம் மட்டும் அவ அங்க..."

தான் கேட்டது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

அலுவலர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"நேத்து அந்த நெடுங்கடல் கம்பெனிக்காரன் வந்தான்" என்றார் கடைசியில், வேறு குரலில். "பதினாலாயிரம் வருசம்னு சொல்லுதான். அவன நீங்க ஒண்ணும் செய்ய முடியாதா?"

"எவன? கம்பெனிக்கு உசிரா இருக்கு, பிடிச்சு உள்ள போட? இந்த ஊர்ல மட்டும் அவங்களுக்குன்னு அறுநூறு பேரு மெய்ப்பொறுப்பாளரா இருக்காங்க. எல்லாம் எழுபது தாண்டுனவங்க, இல்லாதப்பட்டவங்க. மாசாமாசம் சம்பளம் போட்டு உக்காத்தி வச்சிருக்காங்க, எப்ப சாவாங்கன்னு. எல்லாம் கையெழுத்தோட இருக்கு. நான் முத்திரை குத்திக்கிட்டிருக்கேன்." படிவத்தின் மேல் பேனாவை வைத்தாள். "நான் மாசச் சம்பளக்காரி. செத்தா செத்ததுதான். அந்த ஒரு நிம்மதி."

அருஞ்சுனை பேனாவை எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, குறைக்கச் சொல்லாமல் ஒரு காகிதத்தை முழுவதும் படித்தார். கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் முறை வரும்போது என்னைய அந்தப் பதினேழாம் வார்டு குழாயிலேயே போடுவியளா?"

அலுவலர் யோசித்தாள். "அப்படிக் கேக்கலாம்னு விதியில இல்ல. கேக்கக் கூடாதுன்னும் இல்ல. எழுதிக் கொடுங்க, வச்சிக்கிடுதேன்."

எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆதிரையன் மண்டிக்கு வந்தபோது படிவத்தின் நகலைக் காட்டினார். அவன் தொகையை மூன்றாம் முறை ஏற்றக்கூட இல்லை. "அடடா, உயிரோட இருக்கிற ஆளாப் போட்டுட்டீங்களே சார்" என்று வருத்தப்பட்டான். கிளம்பும்போது சுயம்புக்கனி ஆயில் ஸ்டோர் எந்தப் பக்கம் என்று விசாரித்தான். அருஞ்சுனை சொல்லவில்லை. அவன் திரையில் தட்டிப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

மாற்றம் மறு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நடைமுறைக்கு வந்தது. அன்று அவர் வரிசையில் யாரையும் தனக்குப் பின்னால் நிற்க விடவில்லை. "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒவ்வொருவராக முன்னால் அனுப்பி, கடைசி ஆளாக நின்றார். குடத்தை வைக்கும்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு.

"குடத்தை நேரா வைங்க."

"வச்சிட்டேன்."

தண்ணீர் விழுந்தது. பத்து லிட்டர் ஆனது. அந்த ஒரு கை கூடுதலும் விழுந்து நின்றது.

"புஷ்பம்" என்றார். தகட்டில் துளைகள் மட்டும் தெரிந்தன. "அன்னைக்குக் கொசுறு கேட்டியே. நான் அப்புறம் பாக்கலாம்னு..."

"குடத்தை எடுத்துக்கிடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"குடத்தை எடுத்துக்கிடுங்க."

எடுக்காமல் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாய் திறந்து இன்னொரு கைத் தண்ணீர் விழுந்தது. குடம் வாய் வரை நிறைந்து, ஓரமாக வழிந்து அவர் காலை நனைத்தது. பேரம் படியாமல் கல்லாமுன் நின்றுகொண்டே இருக்கிற ஆளுக்கு, இரண்டாவது கொசுறு போட்டு அனுப்பிவைப்பது அவள் வழக்கம். பழக்கம் நகலில் வரும் என்று அலுவலர் சொல்லியிருந்தாள். அவ்வளவுதானா என்று கேட்டால், பதில் சொல்ல நாற்பத்திரண்டு வாக்கியத்தில் இடமில்லை.

எட்டு மணிக்கு நீல விளக்கு அணைந்து எரிந்தது.

மறுநாள் குழாயில் ஓர் ஆண்குரல் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்து வக்கீல் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். "பத்து லிட்டர் முடிந்தது" என்றது. சொன்ன கணத்தில் குழாய் நின்றது. செல்லக்கனி குடத்தை எடுக்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு முன்னால் நீர் பிடித்தவர்களும் அப்படித்தான் நின்றார்கள். மூடிய குழாய்க்கடியில் ஒரு கணம், எதற்கென்று தெரியாமல்.

"என்னமோ குறையுதே" என்றாள். "அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா என்னமோ குறையுது அண்ணாச்சி."

அருஞ்சுனை தன் குடத்தை நிரப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். மீதிக்கு நினைவு கிடையாது, பழக்கம் மட்டும்தான். நாற்பத்தோரு வருடம் இந்தக் குழாயில் நிற்கப்போகிற ஆளிடம் இருக்கும் பழக்கம் என்னவென்று அவருக்குத் தெரியும்: எடையில் கொஞ்சம் அமுக்குவது, விலையில் கொஞ்சம் பிடிப்பது. கையைப் புதுசாகப் பழக்க, ஜனவரி உள்ளச்சுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. கொசுறு ஊற்றினால் வருடம் ஏறும் என்பதும் தெரியும். மனசு அதைத் தானாகவே கூட்டிப் பார்த்துவிட்டது.

"குடத்தை நேரா வை தாயி" என்றார்.

தன் குடத்தைச் சரித்து அவள் குடத்தில் ஊற்றினார். ஒரு கைக்கும் குறைவாக விழுந்ததுமே கை தானாக நிமிர்ந்து குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

செல்லக்கனி சிரித்தாள். "இந்தச் சொட்டுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்திய?"

"இரு" என்றார். மறுபடி சரித்தார்.